செவிலிமேட்டில் நாங்கள் இருந்த விரதம்

எங்கள் கோயில் தலைவர் பொய் சொன்னார். காஞ்சிபுரத்தின் ஓரத்தில், செவிலிமேட்டில், எங்கள் காரைச் சரிசெய்த மெக்கானிக்கின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அந்த மெக்கானிக்கின் மனைவி முகத்தைப் பார்த்தே சொன்னார். தலைவர் என் கூடப்பிறந்த அண்ணன். அவர் சொன்ன அதே பொய்யை அடுத்த நிமிடம் நானும் சொன்னேன்.

திருவிழா மலருக்குப் பயணக் கட்டுரை வேண்டும் என்று கோயில் செயலவையில் கேட்டார்கள். அம்மனுக்குப் பட்டு எடுக்கப் போன அனுபவத்தைச் சுவையாக எழுதச் சொன்னார்கள். நான் மலேசியாவில், கிள்ளானில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவள். சுவையாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். அங்கே இருப்பவர்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

போனது மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். மூன்று பேருமே நல்ல கனம். அதை மறைக்க ஒன்றுமில்லை.

சென்னையில் இறங்கியதும் எங்களுக்காக நின்ற காரைப் பார்த்தேன். வெள்ளை நிறம், அந்தக் காலத்து செடான், கல்யாண மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடுகிற வண்டி. அம்மனுக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் கம்பீரமாகப் போக வேண்டும் என்று அண்ணன் கேட்டு வாங்கிய கார். டிரைவர் பாஸ்கர் காஞ்சிபுரத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். டிக்கியில் நான்கு பெட்டிகளை ஏற்றி, நாங்களும் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தரையைப் பார்த்து இறங்கிவிட்டது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

"தம்பி, பின்னால பட்டை போயிருக்கு" என்றேன். என் முதல் வேனிலும் பின்னால் இதே மாதிரி பட்டை ஸ்பிரிங்தான். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகள். அது களைத்துப்போனால் வண்டி எப்படி உட்காரும் என்று எனக்குத் தெரியும்.

"இல்ல மேடம். லோடு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

"நீ சும்மா இரு மீனா. இது ஒன்னோட ஸ்கூல் வேன் இல்ல" என்றார் அண்ணன்.

வேகத்தடை வரும்போதெல்லாம் அடியில் தடால் என்று ஒரு சத்தம். அந்தச் சாலையில் வேகத்தடைக்குப் பஞ்சமே இல்லை. பள்ளத்தில் இறங்கினால் டயர் மேலே உரசி ரப்பர் தீய்கிற வாடை. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டாள். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் இரண்டு பேர் எங்கள் காரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், அந்த வண்டியப் பாரேன். எரும தண்ணில படுத்த மாரி படுத்துக்கினு கீது."

"வண்டி இன்னாபா பண்ணும்? உள்ள ஏறினவங்களப் பாரு."

அண்ணனுக்குக் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. சிரிப்புதான் வந்தது. அப்போது வெட்கப்பட எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் தங்கினோம். முதல் நாள் இரவு சாப்பிட்டது கோயில் இட்லி. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, இலை வைத்த மூங்கில் குடலையில் உருளையாக வேகவைத்து, வட்டம் வட்டமாக வெட்டித் தருகிறார்கள். நம் ஊர் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும். இது கெட்டி. இரண்டு துண்டு தின்றால் வயிறு நிற்கும். அண்ணன் ஐந்து தின்றார்.

இரண்டாம் நாள் காலை காமாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையார்பாளையம் போனோம். புடவைக்கு முன்னமே சொல்லி வைத்திருந்தோம். தறியிலிருந்து அறுத்து வைத்திருந்தார்கள். அரக்குச் சிவப்பு, அகலமான பச்சைக் கரை. அந்தத் தெருவில் கார் நுழைவதே பெரும்பாடு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தறிச் சத்தம். சைக்கிள்காரர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே ஒதுங்கினார்கள்.

நெசவுக்காரரும் அவர் தம்பியும் தங்களுக்குள் தெலுங்கில் பேசினார்கள். கிள்ளானில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் தெலுங்கர்கள் என்பதால் எனக்குப் பாதி புரியும். தம்பி சொன்னது இதுதான்: "புடவையையும் வைத்தால் அந்தக் கார் இன்னும் இறங்கிவிடும், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்." நான் தெலுங்கிலேயே, "மடியில் வைத்தாலும் கனம் அதே கனம்தான்" என்றேன். அவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்து, உடனே காபி கொண்டுவரச் சொன்னார்கள். காபியோடு முறுக்கும் வந்தது. அண்ணன் காபியைக் குடித்தார். முறுக்கு மூன்று தின்றார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவருக்கு எந்த விரதமும் இல்லை.

திரும்பும்போது தெருமுனையில் ஒரு வேகத்தடை. தடால் என்பதற்குப் பதில் இந்த முறை 'டங்' என்று ஒரு சத்தம். கார் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. பாஸ்கர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மேடம் சொன்னது கரெக்ட்டுதான். பட்டை ஒடஞ்சிடுச்சி. காலைல டேனியல் அண்ணன்கிட்ட விட்டுடலாம். இந்தக் காருக்கு இங்க அவர விட்டா ஆள் இல்ல."

மூன்றாம் நாள். காலை ஏழு மணிக்கு லாட்ஜுக்கு எதிரே பொங்கல், வடை. சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குச் செவிலிமேடு போய்ச் சேர்ந்தோம். புது வீடுகளுக்கு நடுவில் தகரம் போட்ட பட்டறை. அதை ஒட்டி ஒரு சின்ன வீடு. வாசலில் சிலுவை, அதன் மேல் கலர் விளக்கு. டேனியலுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். பேசுவதற்கு முன்னால் வண்டியைத்தான் பார்த்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே கையை விட்டார்.

"ஒரு வெரல்கூட இல்ல. நாலு வெரல் இருக்கணும். இதுல எப்டிப்பா ஆள ஏத்திக்கினு வந்த?"

"வந்துட்டேன்ணே" என்றார் பாஸ்கர்.

"வந்துட்ட. அவங்க சாமி நல்ல சாமி."

ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகளை அடியில் கொடுத்து, போல்ட்டுகளைக் கழற்றினார். நான் பக்கத்திலேயே குத்துக்காலிட்டுப் பார்த்தேன். இரண்டு பட்டைகள் நடுவில் விரிசல் விட்டிருந்தன. ஒன்று முழுதாக உடைந்திருந்தது. மற்றவை வளைவு போய்ச் சப்பையாகக் கிடந்தன.

"ரப்பர் வச்சுத் தூக்கிடலாமா?" என்றேன். அவசரத்துக்கு எங்கள் ஊரில் அப்படிச் செய்வதுண்டு.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "அம்மாக்கு வண்டி தெரியுது. ரப்பர் வச்சா மேல தூக்கும். ஆனா பட்டை செத்ததுதான். நீங்க போற வழியில எங்கயாச்சும் மறுபடி உக்காரும். உள்ள மூணு பேரு. எனக்கு மனசு ஒப்பாது."

உடைந்ததுக்கு வேறு பட்டை தேடி எடுத்து அளவாக வெட்டினார். மற்றவற்றைப் பட்டறைக்கல்லில் வைத்து ஒவ்வொன்றாக அடித்து வளைவு ஏற்றினார். ஒரு பட்டைக்கு நூறு அடியாவது இருக்கும். ஒவ்வொரு அடியும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விழ வேண்டும். அவசரப்பட்டால் பட்டை வெடிக்கும். கிள்ளானில் யாரும் இப்போது இப்படிச் செய்வதில்லை. முழு செட்டைக் கழற்றி வீசிவிட்டுப் புதிது போடுவார்கள். இந்தக் காருக்குப் புதிது எங்கே கிடைக்கும்? நான் பட்டையைப் பிடித்துக் கொடுத்தேன். என் கையெல்லாம் கிரீஸ். எனக்கு அந்தக் காலை நேரம் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணன் வாதுமை மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்க முடியாதவர். "சொந்த ஊரே இதானா? உங்க ஆளுங்க எல்லாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எதற்கு என்று டேனியலுக்குத் தெரியும். அடிப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "இங்கதான் சார். ஏரிக்கு அந்தாண்ட சேரி. எங்க தாத்தா அடுத்தவங்க நெலத்துல கூலி. எங்கப்பா லாரிப் பட்டறைல சுத்தி புடிச்சாரு. நான் அவராண்ட கத்துக்கினேன்."

அண்ணன் "ஓ" என்றார். அதற்குப் பிறகு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். வெயில் நகரவில்லை. அவர்தான் நகர்ந்தார்.

ஒரு மணிக்கு டேனியலின் மனைவி எஸ்தர் வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாரும் வாங்க சார், வாங்கக்கா. ரெண்டு வாய் சாப்டுங்க. கோயில் வேலையா வந்தவங்கன்னு பாஸ்கர் தம்பி சொல்லிச்சி. அதான் கறிகிறி ஒண்ணும் இல்ல. சாம்பார், மொருங்கக்கீர, பொரியல். வெங்காயம் பூண்டுகூடப் போடல."

எட்டிப் பார்த்தேன். கூடத்தில் பாய் விரித்து மூன்று தலைவாழை இலை போட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் வாழை இலை எங்கே வாங்கினாரோ தெரியவில்லை. ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல். தன் வீட்டுத் தட்டும் தன் வீட்டுத் தண்ணீரும் எங்களைத் தொட வேண்டியதில்லை என்று, நாங்கள் கேட்காமலே, அந்தப் பெண் ஏற்பாடு செய்திருந்தார். இப்படி முன்யோசனை செய்ய அவர் எத்தனை பேரிடம் எத்தனை முறை பட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது இரவில் உறைக்கிறது.

அண்ணன் எழுந்து கை கூப்பினார். மேடையில் கூப்புவாரே, அதே மாதிரி.

"மன்னிக்கணும்மா. நாங்க அம்மனுக்குப் பட்டு எடுக்க வந்திருக்கோம். விரதம். புடவை அம்மன் மேல ஏறுற வரைக்கும் வெளியில கை நனைக்க மாட்டோம்."

எஸ்தரின் சிரிப்பு உடனே போகவில்லை. என் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து அவர் வீட்டுக்காரரோடு கிரீஸில் கை வைத்திருந்தவள் நான்தானே. "அக்கா, நீங்களாச்சும்?"

கிள்ளானில் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் யாருக்கும் பயந்து பேசுகிறவள் இல்லை. தலைமையாசிரியரிடம் சண்டை போட்டிருக்கிறேன். போலீஸ்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பசி வேறு குடலைப் பிடுங்கியது. கீரை வாசனை வந்துகொண்டிருந்தது.

"எனக்கும் விரதம்மா" என்றேன்.

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அண்ணன் என்னை முறைக்கக்கூட இல்லை. என் வாயே சொல்லிற்று.

"ஐயோ, அப்ப தண்ணியாச்சும் குடிங்க. சீல் ஒடைக்காதது" என்று பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்தேன். அண்ணியும் குடித்தாள். அண்ணன் "அப்புறம்" என்று அதை நாற்காலிக்கு அடியில் வைத்தார். பாஸ்கர் உள்ளே போய், எங்களுக்குப் போட்ட இலை ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டார். காலையில் நாங்கள் பொங்கல் தின்றதை எதிர் மேஜையிலிருந்து பார்த்தவர் அவர்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. எங்களை ஏற்றி உட்காரவைத்து, டேனியல் மட்கார்டுக்குள் கையை விட்டார். நாலு விரல் போயிற்று.

"வேல இன்னும் முடியல. இருபது கிலோமீட்டர் ஓட்டுங்க. பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு படியும், போல்ட்டு லூசாவும். ஆள வச்சிக்கினே மறுபடி டைட் வைக்கணும். நீங்க எதுக்கு திரும்ப இவ்ளோ தூரம்? பாஸ்கர், எங்க இருக்கன்னு சொல்லு. நானே வரேன்."

பாலாற்றுப் பாலம் தாண்டி வந்தவாசி சாலையில் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். ஆறு முழுக்க மணல். எங்கள் கிள்ளான் ஆறு கலங்கலாக இருந்தாலும் நிறைய ஓடும். வேகத்தடை வந்தது. கார் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. ஒரு சத்தமில்லை.

"கப்பல் மாதிரி போகுது லா!" என்றார் அண்ணன். "சரி, பசிக்குது. நல்ல ஹோட்டலா பாத்து நிறுத்துப்பா."

பாஸ்கர் கண்ணாடியில் பார்த்தார். "விரதம்னீங்களே சார்?"

"ஹோட்டல்ல பரவாயில்ல. சுத்த சைவம்."

அந்தச் சமயத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஹோட்டல். நெய் ரோஸ்ட் வந்தது, பூரி வந்தது. அண்ணி கேசரி கேட்டாள். நான் பூரியைக் கிழங்கில் தோய்த்து வாயில் வைத்திருந்தபோது வாசலில் டேனியல் நின்றார். கையில் ஸ்பேனர் பை. பக்கத்தில் பாஸ்கர்.

டேனியல் எங்கள் மேஜையைப் பார்த்தார். தட்டுகளை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாயில் பூரி.

"சாப்டுங்கமா, சாப்டுங்க. அவசரமில்ல. நான் வண்டியாண்ட இருக்கேன்."

அவர் போனதும் அண்ணன் பாஸ்கரிடம் பல்லைக் கடித்தார். "எதுக்குய்யா இங்க வரச் சொன்னே?"

"போன் பண்ணி எங்க இருக்கீங்கன்னாரு சார். ஹோட்டல்னேன். வேற இன்னா சொல்லணும்?"

கை கழுவிவிட்டுப் போனோம். டேனியல் கோணிச்சாக்கை விரித்து வைத்திருந்தார். "எல்லாரும் ஏறி உக்காருங்க. வெயிட்டு வேணும்" என்றார். ஏறினோம். அவர் எங்களுக்கு அடியில் படுத்தார்.

அந்தப் பத்து நிமிடத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மேலே நாங்கள் மூவரும் வயிறு நிறைய உட்கார்ந்திருந்தோம். கீழே அந்த மனிதர் மல்லாந்து படுத்து, எங்கள் உயிருக்காக போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறுக்குக்கும் கார் லேசாக அசைந்தது. இறங்கி ஓடவும் முடியாது. எங்கள் கனம் அவருக்கு வேண்டியிருந்தது.

அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "இப்பதான் வெயிட்டு கரெக்ட்டா இருக்குது. மத்தியானம் வெறும் வயித்துல பாத்தது தப்பாப் பூடும்."

பாஸ்கர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். அண்ணன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அவர் எழுந்து சட்டையைத் தட்டியபோது நான் இறங்கிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "நல்ல வேலை. எங்க ஊர்லகூட இப்படிச் செய்ய ஆள் இல்ல" என்றுதான் வாயில் வந்தது.

அவர் ஸ்பேனர்களைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "அம்மா, ஒண்ணு சொல்றேன். இத நான் எஸ்தராண்ட சொல்ல மாட்டேன். மலேசியாலேர்ந்து வந்தவங்க பட்டினியாப் போறாங்களேன்னு அவ பாவப்பட்டுக்கினு இருக்குறா. அப்டியே இருந்துட்டுப் போட்டும்."

தன் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

இரவு லாட்ஜில் அண்ணனோடு சண்டை போட்டேன். "நாம சாப்பிட்டிருந்தா அவங்களுக்கே சங்கடம்தான்" என்றார். "நம்ம தாத்தா ரப்பர் தோட்டத்து லயத்துல இருந்து பால்மரம் வெட்டுனவரு. அவரும் கூலிதானே?" என்றேன். "அது வேற, இது வேற" என்று விளக்கை அணைத்துவிட்டார். என்ன வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

நான்காம் நாள் விமானம் மாலையில்தான். காலையில் செவிலிமேடு போய், எஸ்தர் வீட்டில் எது இருந்தாலும் ஒரு வாய் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று வாசலுக்கு வந்தேன். ஆட்டோ நின்றது. "எங்கமா?" என்று டிரைவர் கேட்டார். விரதம் அதற்குள் எப்படி முடிந்தது என்று எஸ்தர் கேட்டால் என்ன சொல்வது? திரும்பி மேலே போய்ப் பெட்டியைக் கட்டினேன்.

இதோடு நின்றிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். என் அவமானத்தை என்னோடு வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் புடவையை அம்மனுக்குச் சாற்றிய அன்று தலைவர் மைக்கைப் பிடித்தார். "போன நேரத்திலிருந்து திரும்பும் வரை கடும் விரதம். வெளியில் ஒருவர் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை" என்றார். மண்டபமே கை தட்டியது. அதே பேச்சில், நம் கோயிலில் சாதி கிடையாது, எல்லோரும் அம்மனின் பிள்ளைகள் என்றார். அதற்கும் கை தட்டினார்கள். முன்வரிசையில் நானும் இருந்தேன். இரண்டு பெண்கள் வந்து, விரதம் இருந்த புண்ணியவதி என்று என் காலைத் தொட்டார்கள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

தலைவரே, அண்ணனாக இல்லை, தலைவராகத்தான் கேட்கிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அதே மேடையில், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். நெசவுக்காரர் வீட்டுக் காபிக்கு இல்லாத விரதம், டேனியல் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்ன பிறகு எங்கிருந்து வந்தது? ஹோட்டல் வாசலில் எப்படி முடிந்தது? வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று போன் செய்யாதீர்கள். உறுப்பினர்கள் முன்னால் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடித்ததும் மைக்கை என்னிடம் கொடுங்கள். "எனக்கும் விரதம்" என்று சொன்னவள் நான். என்னையும் எழுந்து கேளுங்கள் என்று மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.